பத்தொன்பதாவது விதி

காலையில் காப்பி குடிக்கும்போது பக்கத்தில் யாரும் பேசாமல் இருந்தால் எனக்குப் பிடிக்கும். இது பெரிய ஆசையில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

என் மாமனாருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருந்தார்கள். நமக்கெல்லாம் ஒரு தும்மலோடு போகிற பூஞ்சை, அவர் நுரையீரலில் குடித்தனமே நடத்தத் தொடங்கிவிடும் என்றார் டாக்டர். ஆறு விதிகள் எழுதிக் கொடுத்தார். மண்ணைக் கிளறக் கூடாது, புறாக் கூண்டுப் பக்கம் போகக் கூடாது, கட்டட வேலைத் தூசியில் நிற்கக் கூடாது, இப்படி. எல்லாம் நியாயமான விதிகள். அவற்றைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்யும் பொறுப்பை என் மனைவி என்னிடம் கொடுத்தாள்.

எங்களோடு தங்கியிருந்த மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வீட்டுக் குளியலறை காலியானால்கூட இரண்டு முறை அறிவிப்பார்.

ஏழாவது விதியை நல்ல எண்ணத்தில்தான் சேர்த்தேன். அவர் மவுத் ஆர்கன் வாசிப்பார். எச்சில் ஈரம் தங்கும் பொருளில் பூஞ்சை வளரும். எட்டாவது, பழைய செய்தித்தாளை உரக்கப் படிப்பது. ஒன்பதாவது, என் நாற்காலி. அவர் உட்கார்ந்து எழுந்தபின் மெத்தை கொஞ்சம் ஈரமாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. பதினான்காவதில் டிவி ரிமோட் வந்தது. பொத்தான்களுக்கு நடுவே என்ன இருக்கிறதென்று யார் கண்டார்கள்.

அவர் எதையும் மறுக்கவில்லை. "மாப்பிள்ளை எனக்காக எவ்வளவு மெனக்கெடறார் பாரும்மா," என்று மகளிடம் சொன்னார். அதையும் இரண்டு முறை சொன்னார்.

அன்று மாலை பத்தொன்பதாவது விதியைத் தட்டச்சு செய்தேன். வாயைத் திறந்தால் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து நேராக நுரையீரலுக்குப் போகும். ஆகவே உணவு, மருந்து தவிர வேறெதற்கும் வாய் திறக்கலாகாது.

நான்கு மாதம் வீடு வீடாக இருந்தது. பேத்தியின் பிறந்தநாளுக்கு அவர் கைதட்டியதோடு சரி.

பரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் ஏதோ கேட்டார். மாமனார் உதட்டைத் தொட்டுக் கையை ஆட்டினார். டாக்டரின் முகம் மாறியது.

"குரல் எப்போலேருந்து போச்சு?"

"நாலு மாசமா இப்படித்தான் டாக்டர்," என்றாள் என் மனைவி. பட்டியலை அவள் படித்ததில்லை; அப்பா தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

பூஞ்சை தொண்டையைப் பிடித்துவிட்டதோ என்று டாக்டர் பயந்தார். விளக்கு பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் படித்தவர்கள் வேலை செய்யும்போது குறுக்கே பேசக் கூடாதென்று சொல்லித்தான் என்னை வளர்த்திருக்கிறார்கள்.

தொண்டையில் துளி சதை எடுத்துச் சோதிக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, மாமனார் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். பத்தொன்பதாவது விதிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

"இதை யாரு எழுதினது?" என்றார் டாக்டர்.

என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

நான்தான் எழுதினேன். ஏழு முதல் முப்பத்தொன்று வரை, எல்லாம் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

மாமனார் வாயைத் திறந்தார். குரல் கரகரத்தது. "அவரை ஒண்ணும் சொல்லாதேம்மா. இன்னிக்கு நான் உசிரோட இருக்கேன்னா, அது மாப்பிள்ளையாலதான்."

இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.