உப்பு வாரும் மாதங்களில் நிறுத்திய மாத்திரை

இந்த மருத்துவ முகாமுக்குத் தலைமை ஏற்றிருக்கும் செவிலியர் மலர்கொடி அவர்களே! வெடித்த பாதத்தில் உப்பு கடிக்க, உப்புப் பாத்தியிலிருந்து நேரே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வரப்பிலேயே தலை நரைத்த பெரியோர்களே! கீழ்புத்துப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்த நண்பர்களே! உங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கச் செயலாளன் சிவஞானத்தின் வணக்கம்.

சர்க்கரை வந்ததும் இனிப்பை விட்டவர்கள் இங்கே எத்தனை பேர்? அடேயப்பா, எத்தனை கைகள்! ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரைச் சோதித்தவர்கள் எத்தனை பேர்? பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான்.

முன்வரிசையில் இருக்கிறாரே மேஸ்திரி சகாதேவன், அவருக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு ஆண்டுகள். சர்க்கரை அளவு தவறியதே இல்லை. பிரஷர் மாத்திரையும் உண்டு. அதை மழைக்காலம் முழுக்க ஒழுங்காக விழுங்குவார். மாசியில் உப்பு வார ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவார். ஏன்? உடம்பின் உப்பெல்லாம் வேர்வையில் ஓடிவிடுகிறதாம், பிறகு பிரஷர் எங்கே இருக்கும் என்று நினைப்பு. ஓடிய உப்புக்கு ஈடாகக் கஞ்சியில் ஒரு பிடி பாத்தி உப்பு வேறு! இப்படி நான்கு ஆண்டுகள். வலித்ததா? இல்லை. வாட்டியதா? இல்லை. சிறுநீரகம் கெடும்போது சத்தம் போடுவதில்லை ஐயா!

போன ஆண்டு கால் வீங்கியது. உப்புத் தண்ணீரில் நிற்பதால்தான் என்றார். மலர்கொடி அம்மையார் விடவில்லை. பிரஷர் நூற்றெண்பது, சிறுநீரில் புரதம். பெரிய டாக்டரிடம் நானும் கூடப் போனேன். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது என்றார் டாக்டர்.

"பன்னண்டு வருஷமா ஒரு ஜிலேபி தொட்டது இல்லீங்க. அப்புறம் எப்பிடிங்க?" என்றார் சகாதேவன்.

சர்க்கரை நோயில் பிரஷரையும் சேர்த்து அடக்கினால்தான் சிறுநீரகம் தப்பும், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்றும் கேட்டார்.

"நானாத்தாங்க நிறுத்திட்டேன்."

பொய்! நிறுத்தச் சொன்னவன் நான். மாத்திரை போட்டால் வெயிலில் மயக்கம் வருகிறது என்று அவர் என்னிடம் வந்தார். டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார் என்று சொல்லியிருக்க வேண்டாமா? வேர்வைக் கதையை அளந்தவன் நான். பக்கத்திலேயே நின்றும் அன்று வாய் திறக்கவில்லை. வெட்கப்படுகிறேன்.

இன்று அவர் எல்லா மாதமும் மாத்திரை போடுகிறார், கஞ்சியில் உப்பைக் குறைத்துவிட்டார், டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கும் வலி மாத்திரையைத் தொடுவதில்லை. கடைசிச் சோதனையில் மேலும் கெடவில்லை. டயாலிசிஸ் தள்ளி நிற்கிறது.

இந்த மேடையிலிருந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டவர்களே, அந்த வேர்வைக் கதையை மட்டும் மறந்துவிடுங்கள்! மாத்திரையைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், மலர்கொடி அம்மையாரைக் கேளுங்கள். பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. சகாதேவன் அண்ணே, உங்களுக்கு மட்டும் நன்றி போதாது, என்னை மன்னிச்சிடுங்க. வணக்கம்.