ஊருக்குப் போய்விட்டாள் என்று சொன்னேன்

இந்தக் காலத்தில் யாருக்கும் வாயால் சொன்னால் போதவில்லை. கேஸ் சிலிண்டர்காரன் நம்பர் கேட்கிறான், மருந்துக் கடைக்காரன் சீட்டு கேட்கிறான். பெற்ற மகன் விக்ரம் புனேயிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டு, "நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்கப்பா" என்கிறான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தாலும் எழுதுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

நான் பரமசிவம். வங்காளத்துக்கு, கிதர்பூர் கிட்டங்கியில் காவல் வேலைக்கு வந்து ஐம்பத்துநாலு வருடம் ஆகிறது. வீடு பவானிபூரில், இரண்டு அறை. மனைவி பாப்பாவுக்கு நான்கு வருடமாக மறதி நோய். முதலில் அடுப்பை மறந்தாள், அப்புறம் தெருவை, அப்புறம் வங்காளத்தை. மீன்காரனை அவன் பாஷையிலேயே திட்டி வாயடைக்க வைத்தவள் அவள். இப்போது யாராவது வங்காளத்தில் பேசினால் தலையணையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாள். திருநெல்வேலித் தமிழ் மட்டும் மிச்சம். கடைசியாக என்னை மறந்தாள்.

"அந்த ஆளு இன்னும் போகலியா?" என்று வசந்தியிடம் கேட்பாள்.

"பாவம்மா. இருந்துட்டுப் போகட்டும்" என்பாள் வசந்தி.

வசந்தி என் மகள். நாற்பத்தாறு வயது, கல்யாணம் அமையவில்லை. பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். நான் செய்ததில்லை. அது ஆம்பிளை செய்கிற காரியமும் இல்லை. விக்ரம் இதைக் குறிப்பாகக் கேட்டான், அதனால் எழுதுகிறேன். எனக்கு வேறு வேலை இருந்ததா என்றும் கேட்டான். இல்லை. வசந்தி அம்மாவைத் தூங்க வைத்துவிட்டு வந்து டீ போட்டு என்னோடு கொஞ்ச நேரம் பேசுவாள். ஒரு நாளில் என்னிடம் பேசுகிற மனுஷி அவள் ஒருத்திதான்.

போன ஆடியில் அவள் மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும், அம்மாவுக்கு ஆள் வேண்டும் என்று வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆயா சென்டரில் சொல்லி வைத்தாள். எனக்கு அந்த ஆட்கள் மேல் நம்பிக்கை கிடையாது. டிவி பார்க்க வருகிறவர்கள். வந்தவள் பெயர் சுப்ரியா, கானிங்கிலிருந்து விடியற்கால லோக்கல் ரயிலைப் பிடித்து வருவாள். எங்களைத் தாது, திதா என்பாள், தாத்தா பாட்டி என்பதற்கு. வசந்தியிடம் கேட்டு, சாப்பிடு, வா, படு என்று தமிழில் மூன்று சொல் கற்றுக்கொண்டாள். இரண்டு நாள் பாப்பா தலையணையை இறக்கவில்லை. மூன்றாம் நாள் அது மடிக்கு வந்தது. ஆறாம் நாள் சுப்ரியா கையால் சோறு வாங்கிக்கொண்டாள்.

வசந்தி வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, "இனிமே நா கொஞ்சம் மூச்சு விடலாம்ப்பா" என்றாள். 

போன் மணி அடித்தால் பாப்பா பயப்படுவாள். அதனால் வசந்தியின் போன் எப்போதும் சத்தமில்லாமல் கிடக்கும். பரிசோதனை முடிவு சொல்ல ஆஸ்பத்திரியில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நான் பார்க்கில் உட்கார்ந்திருந்தபோது கூப்பிட்டார்கள். கெட்ட கட்டி, ஆனால் ஆரம்பம்தான், திங்கட்கிழமை கூட்டி வாருங்கள், அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றாள் ஒரு பெண். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். மருந்தெல்லாம் ஏற்றி முடிய ஏழெட்டு மாதம், அதுவரை ஆளைத் தூக்குகிற வேலை கூடாது என்றாள். எனக்கு வங்காளம் நன்றாகப் புரியும்.

வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் இல்லையாம்ளா. வெறும் கொழுப்புக் கட்டியாம்" என்றேன்.

"நெசமாவாப்பா?"

"பொய் சொல்லவா போறேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்தாள். எனக்கு இரண்டாவது டம்ளரும் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து இருட்டும் வரை பேசினாள். அப்படி ஒரு சாயங்காலம் அந்த வீட்டில் நான்கு வருடமாக வந்ததில்லை. அதை அவளுக்குக் கொடுத்தது நான்தான். ரிப்போர்ட் காகிதத்தைக் கேட்டபோது, ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வார்களாம் என்றேன்.

துர்கா பூஜை முடியட்டும், சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். டாக்டர்கள் ஒன்றை ஒன்பதாகச் சொல்வார்கள். என்னோடு வேலை பார்த்த சுந்தரேசன் கழுத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி கட்டியோடு இருபது வருடம் இருந்தான்.

கட்டி இல்லை என்று ஆனதும் வசந்தி வேறு ஒன்று ஆரம்பித்தாள். சுப்ரியாவை நிறுத்த வேண்டாமாம், அவள் பழைய வேலைக்குப் போவாளாம். "காலைல போயிட்டு நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன்ப்பா" என்றாள். காலையிலிருந்து நாலு மணி என்பது வீட்டில் சும்மா இருக்கிறவனுக்கு எவ்வளவு நேரம் என்று அவள் யோசிக்கவில்லை.

அந்த வாரம் ஒருநாள் பாப்பா தெருவுக்கு ஓடப் பார்த்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கன்றிப் போயிற்று. வசந்தி அதைப் பார்த்துவிட்டு, "இது எப்படிப்பா?" என்றாள்.

"ஆயாகிட்ட கேளு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் அடித்தாள் என்று நான் சொல்லவில்லை.

சுப்ரியா அழுதாள். "நான் திதாவை அடிப்பேனா, தாது?" என்று என்னிடம்தான் கேட்டாள். நான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தி அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டாள். சென்டரிலும் அவளை நீக்கிவிட்டதாகக் கேள்வி. அப்புறம் வந்த இரண்டு பேரும் பாப்பாவின் கூச்சலைக் கேட்டுத் தாங்களாகவே போய்விட்டார்கள். அதில் என் கை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். முதல் தடவை, வருகிறோம் என்றேன். அடுத்த தடவை, மகள் ஊருக்குப் போய்விட்டாள், அங்கேயே வைத்தியம் பார்க்கிறாள் என்றேன். அதற்கப்புறம் கூப்பிடவில்லை. வசந்தி அப்போது ஐந்தடி தள்ளி அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். போனில் யார் என்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன்.

கார்த்திகையில் அவளுக்கு இடது கை தூக்க வரவில்லை. வலது கையாலேயே அம்மாவை எழுப்பி உட்கார வைத்தாள். சுளுக்கு என்று எண்ணெய் வாங்கி வந்து கொடுத்தேன். மார்கழியில் குளியலறையில் விழுந்தாள். தையில் போய்விட்டாள். கடைசி வாரம் டாக்டர் அவளிடம், உங்களுக்கு அப்போதே சொன்னோமே என்றார். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விவரமாகச் சொல்லியிருப்பேன்.

"ஏன்ப்பா?" என்று விக்ரம் கேட்கிறான். அவனுக்குச் சொன்னதையே எழுதுகிறேன். வசந்தியைத் தவிர வேறு யார் கொடுத்தாலும் பாப்பா சாப்பிட மாட்டாள். ஏழெட்டு மாதம் பட்டினி கிடந்தே செத்திருப்பாள். வீட்டில் இரண்டு பேர் என்றால் நோயாளியைத்தானே முதலில் பார்க்க வேண்டும்.

அவன் அம்மாவை சால்ட் லேக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான். மூன்று வாரம் ஆகிறது. நேற்று என்னையும் கூட்டிப் போனான். ஒரு வங்காளத்துப் பெண் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் வங்காளத்தில் ஏதோ சொல்ல, பாப்பா தமிழில் யாரையோ பற்றிப் புறணி சொல்ல, அந்தப் பெண் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினாள். கரண்டி வருவதற்கு முன்பே பாப்பா வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாயிற்று.

"பாத்தீங்களாப்பா?" என்றான் விக்ரம்.

"பாத்தேன். மூணு வாரம்தானே. போகப் போகத் தெரியும்" என்றேன்.

அவன் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நான் படியிறங்கி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். வசந்தி ஊட்டியிருந்தால் பாப்பா இன்னும் இரண்டு வாய் கூடவே சாப்பிட்டிருப்பாள்.