'இன்னொரு தடவை' அம்மாவுக்கு

காந்தக் குகையாம் எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் கடகட இரைச்சலிலும் கனிவு குறையாத எங்கள் தலைவியே! கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு சொல்லி, கண்டதையும் உடனே நம்பிவிடாத கறார்ப் பேர்வழியே! வணக்கம்.

உடலின் திசுக்களுக்குள் பிறந்த நொடியிலேயே மறைந்து, போகிற போக்கில் செல்களைச் சிதைத்துவிட்டுப் போகும் முரட்டு ஆக்சிஜனை, கத்தி வைக்காமல் எம்.ஆர்.ஐ. படத்திலேயே பிடித்துவிட முடியும் என்று முப்பதாண்டுகள் முனைந்து நின்று, இன்று பணி ஓய்வு பெறுகிறவர் நீங்கள். அது பெருகிய இடம் படத்தில் சற்றே வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பைப் பார்த்ததுமே துள்ளிக் குதித்த எங்களை, "அதை அடக்குற மருந்தைக் குடுத்துட்டு இன்னொரு தடவை எடுங்க. வெளுப்பு போச்சுன்னாதான் நம்புவேன்" என்று உட்கார வைத்தீர்கள். அந்தச் சொல்லே உங்களுக்குப் பட்டப்பெயராகி வாயிற்காவலர் வரைக்கும் பரவியது. உங்கள் காதுக்கும் எட்டாமல் இருந்திருக்காது.

அந்த எலி மூளைப் படத்தை மறக்க முடியுமா? பளிச்சென்ற வெளுப்பு. கட்டுரை அச்சுக்குப் போகத் தயார். எங்களில் இருவரின் வேலை நீட்டிப்பு அதை நம்பித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னீர்கள்; வெளுப்பு அசையவேயில்லை. அது வெறும் பழைய இரத்தக் கசிவு. கையோடு கட்டுரையைத் திரும்பப் பெற்றீர்கள். எங்களுக்குக் கோபம். பல நாள் உங்களிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. நீங்களோ இயக்குநர் அறைக்குப் போய், "படம் தப்பாப் போனது என் பொறுப்பு. அவங்க வேலையில கை வைக்காதீங்க, என்னோடதுல வைங்க" என்று சொன்னதை அவருடைய உதவியாளர் சொல்லித்தான் அறிந்தோம். இருவரும் வேலையில் நிலைத்தார்கள். அவர்களில் ஒருவர்தான் இம்மடலை இப்போது வாசிக்கிறார்.

அடுத்த ஆண்டு வேறொரு எலி. மருந்துக்குப் பின் வெளுப்பு துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. ஒன்றுமே இல்லாத அந்தச் சாம்பல் நிறப் படத்தைப் பார்த்து, முதன்முறையாக, இன்னொரு தடவை கேட்காமல் கைதட்டினீர்கள். மறுநாள் கேட்டீர்கள், அது வேறு கதை.

உடல் நலமும் உள்ள நிறைவும் ஒருசேர வாய்த்து, உறவு சூழ நெடுங்காலம் வாழ்வீர்களாக!

இருந்தது எவ்வளவு என்பது, அதை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பது உங்கள் கணக்கு. திங்கட்கிழமை காலை, நீங்கள் இல்லாத இந்த அறையைப் பார்க்கப்போகிறோம். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் இரண்டாவது படம் வேண்டாம், அம்மா. எங்களுக்கு இப்போதே தெரிகிறது.

நீங்கள் உட்கார வைத்து உருவாக்கிய,
படமெடுப்பு ஆய்வுப் பிரிவினர்