பாய்லர் ரூம் லைன்

— மைக்கை வாய்க்கிட்ட வச்சுப் பேசுங்க அண்ணி.

— என்னத்தப் பேச? ஹலோ, ஹலோ… ஸ்பீக்கர்ல கணீர்னு கேக்குதே தம்பி! கம்பெனிக்காரங்களும் இதத்தான சொல்றாங்க? பாய்லர் ரூம் இன்டர்காம் லைன் நல்லாத்தான் இருந்துச்சாம். உங்க அண்ணன்தான் தூங்கிட்டாராம், அதான் சாகறப்பக்கூட உதவிக்குக் கூப்பிடலையாம்.

— ஆறிப்போன போர்டை மேஜைமேல வச்சு, முழ நீள வயர்ல டெஸ்ட் பண்ணினா நல்லாத்தான் கேக்கும். இப்பப் பாருங்க. அங்க இருந்த அதே நீளத்துக்குக் கேபிள் மாட்டியிருக்கேன். அவ்வளவு தூரத்துக்கும் குரலைத் தள்ள வேண்டியது இந்தக் குட்டிச் சிப்பு. ஹேர் டிரையரைக் காட்டறேன், நீங்க நிறுத்தாம பேசுங்க.

— ஹலோ… கேக்குதா… ஹலோ… ஐயோ, என்னாச்சு? சத்தமே போச்சே!

— அதேதான். ரொம்பச் சூடானா, கருகிடக் கூடாதுன்னு சிப்பு தானா வாயை மூடிக்கும். ஆறினா மறுபடி பேசும். நீராவி கசிஞ்சு, கதவும் இறுகிப்போய், அண்ணன் உள்ள இருந்து கத்தியிருக்காரு. ஒண்ணும் வெளிய வரல.

— தூங்கல, இல்ல? சத்தியமா தூங்கலைல்ல?

— தூங்கல அண்ணி. நாளைக்கு விசாரணையில எல்லார் முன்னாடியும் இதைச் செஞ்சு காட்டறேன்.

— இந்த போர்டு நீ டிசைன் பண்ணினதாச்சே. உன் வேலைக்கே உலை வச்சுக்கறியா?

— போனாப் போகுது. சூடு இறங்க மேல ஒரு தகடு, கேபிள் பாரம் சிப்பு மேல விழாம ஒரு ரெசிஸ்டர்… பெட்டி சின்னதா வேணும்னாங்க, ரெண்டையும் விட்டுட்டேன். கூடப்பொறந்தவனுக்கே இப்படிப் பண்ணிட்டேனே!

— அழாதப்பா. நீ என் வயித்துல பாலை வார்த்திருக்க. அன்னிக்கு நான் சாப்பாடு கொண்டுபோனப்ப, 'உங்க வீட்டுக்காரர் பதிலே சொல்ல மாட்டேங்கறாரு, நீங்களாவது எழுப்புங்க'ன்னு கண்ட்ரோல் ரூம்ல மைக்கை என் கையில குடுத்தாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

— வேண்டாம் அண்ணி.

— 'தூங்குமூஞ்சி மனுஷா, உங்களைக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டேன், அங்கயே கிடங்க'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நல்லவேளை, லைனே செத்துக் கிடந்திருக்கு. அவர் காதுல விழல.

— ம்… விழுந்திருக்காது.

— ஏன் முகத்தைத் திருப்பிக்கற? அவருக்கும் எனக்கும் ஒரே சிப்புதானே?

— பேசற பக்கத்துக்கு ஒண்ணு, அண்ணி. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு.

— சூடானாத்தானே வாயை மூடும்னு சொன்ன?

— விடுங்க அண்ணி. எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்.

— கண்ட்ரோல் ரூம்ல ஏசி ஓடிக்கிட்டு இருந்துச்சே தம்பி.