மூன்றாம் கம்பின் சூடு

மைமல் பொழுது, ஆறரை மணி. வட்டக்கச்சியிலிருந்து உள்ளே போகும் வாய்க்கால் வீதி. என் கூட்டாளி சுதாகரனின் அத்தான் திலீபன் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறார். பின்னால் குழி தோண்ட ஒரு அலவாங்கு, கோடு போட ஒரு பை சுண்ணாம்பு... ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் இரண்டு பேர் எழும்பிப் போய்விடுவீர்கள்.

மறுநாள் அந்த ஊர்க் கழகத்தின் நாற்பதாம் ஆண்டு எல்லேப் போட்டி. அமெரிக்காக்காரன் பெரிய அரங்கம் கட்டி பேஸ்போல் ஆடுகிறான். நாங்கள் மூங்கில் தடியும் ரெனிஸ் பந்துமாக வெறுங்காலில் ஆடுகிறோம். அடித்தவன் சுற்றி ஓடவேண்டும். வழியில் மூன்று கம்புகள். கம்பில் நிற்பவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

திலீபன்தான் கழகச் செயலாளர். கம்பு நடுவதும் அவர், விடிந்தால் மைக்கில் கழக வரலாறு சொல்வதும் அவர். அது எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். ஆரம்பத் தலைவர் ராஜரத்தினம், அதாவது திலீபனின் அப்பா, ஆளில்லாத பற்றைக் காணியை வெட்டி மைதானமாக்கினார். மலையகத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே குடிசை போட்டிருந்தது, அவர்களைக் கலைத்துத் துரத்திவிட்டார்கள் என்றும் ஊரில் ஒரு கதை உண்டு. கேட்டால் எல்லோரும் மழையைப் பற்றிக் கதைப்பார்கள்.

மைதானத்தில் இரண்டு கம்பும் நட்டாயிற்று. மூன்றாவது இடத்தில் அலவாங்கை இறக்கினார்... ணங். கல்.

மறுபடியும். ணங்.

குனிந்தார். விறகுப் புகை மணந்தது. பிறகு, தேங்காய்ப்பூப் போட்ட கோதுமை மா ரொட்டி கருகத் தொடங்கும் மணம். சுற்றிப் பார்த்தார். வீடு இல்லை. வெளிச்சம் இல்லை...

காதுக்குக் கிட்ட ஒரு பெண் குரல். கோபமே இல்லாத குரல்.

"கொஞ்சம் தள்ளி நடுங்க தம்பி. அடுப்பு எரியுது. புள்ளைங்க இன்னும் சாப்புடல."

அலவாங்கைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். காலையில் பொடியன்கள் நாடா பிடித்து அளந்து, அந்த இடத்திலேயே கம்பை நட்டார்கள்.

மைக் கைக்கு வந்தது. முன்வரிசைக் கதிரையில் அப்பா. 'இங்கே ஒரு குடும்பம் இருந்தது.' ஒரே ஒரு வசனம். இரவு முழுக்க அதைத்தான் மனப்பாடம் செய்தவர். அப்பாவின் முகத்தைப் பார்த்தார்... "ஆளில்லாத காணி" என்றார்.

பின்னொரு நாள் சுதாகரனிடம் இதைச் சொல்லும்போது அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"பேய்க்குப் பயந்தது பெரிசில்லையடா. நான் சொன்ன பொய்க்குச் சனம் கை தட்டினது. அதுதான் வெக்கமாக் கிடக்கு."

ஆட்டம் தொடங்கியது. ஜெயந்தன் என்றொரு பொடியன் நன்றாக அடித்துவிட்டு ஓடினான். மூன்றாம் கம்பில் வந்து நின்றான். நின்றவன் கத்திக்கொண்டு விழுந்தான். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. வெயில் மண் சுட்டிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு வெயிலே இல்லை. விடிந்ததிலிருந்து மப்பு.

வீட்டுக்கு வந்ததும் திலீபன் அப்பாவின் கட்டிலடியில் போய் இருந்தார்.

"அப்பா, அந்தக் காணியில ஆர் இருந்தது?"

"ஒருத்தருமில்லை."

கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திலீபனுக்கு அப்பாவை நினைத்தும் வெட்கம், தன்னை நினைத்தும் வெட்கம். எழும்பினார்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரலைப் பற்றி அவர் அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

கதவடிக்குப் போனபோது, அப்பா திரும்பாமலே கேட்டார்.

"இன்னும் அந்தப் பிள்ளையள் சாப்பிடேல்லையாமோ, தம்பி?"