ஹட்டோ, ஹேடோ

தண்ணீரில் கிடக்கிறேன். வாய் நிறைய கப்பல் எண்ணெய். தலைக்கு மேல் விமானம் திரும்புகிறது. "மச்சான்" என்று கத்துகிறேன்.

வியாழக்கிழமை. காலை ஒன்பது இருபது. எங்கள் தீவில், பெரார்கஞ்ச் பக்கம், பிரிவினை அகதிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஹேடோ துறையில், கப்பல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் படகில், எனக்கு ஏழாம் வருஷம். தங்கச்சி மாப்பிள்ளை காசிம் மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வந்து ஒன்பது நாள். ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. "வழி தவறிட்டா ஹேடோ, ஹேடோன்னு சொல்லுங்க மச்சான். கொண்டாந்து விட்டுடுவாங்க." சொல்லிக் கொடுத்தது நான். படகு வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

அன்று நாங்கள் தண்ணீர் கொண்டுபோன கப்பல், பெரிய யுத்தத்துக்கென்று கட்டிய க்ரூசர், கனரகப் போர்க்கப்பல். எட்டுப் பெரிய பீரங்கி. பிறகு கைமாறி, கடலுக்கு அப்பால் ஒரு நாட்டுக்குப் போனது. அங்கே உள்நாட்டுச் சண்டை. சொந்தத் துறைமுகத்தையே மூன்று நாள் சுட்டது. நான்காம் நாள் மாலுமிகள் சுட மறுத்தார்கள். அதிகாரிகளை அறையில் பூட்டிவிட்டு எங்கள் கடலுக்கு ஓடிவந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. அதனால்தான் கப்பலோடு படகை ஒட்டிக் கட்டி நிற்கிறோம். காசிம் மேலே, கப்பலில், குழாயைப் பிடித்துக்கொண்டு. நான் கீழே படகில்.

அந்த நாட்டிலிருந்து கப்பலைத் துரத்தி வந்தது ஒரே விமானம். முதல் குண்டு கடலில். தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது நடுக்கப்பலில். என் பல்லெல்லாம் ஆடியது. கப்பல் எங்கள் பக்கம் சாய்கிறது. படகை நடத்தும் ஸராங் கயிற்றை வெட்டினார். மேலே பார்த்துக் கத்தினார். "ஹட்டோ! ஹட்டோ!"

விலகு என்று அர்த்தம். மறுபக்கம் ஓடிக் குதி என்று. நானும் கத்தினேன். ஏழு வருஷப் பழக்கம். அவசரத்தில் எனக்கும் ஹிந்திதான் வாயில் வந்தது. "ஹட்டோ!"

காசிம் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். படகு ஹேடோவுக்குக் கிளம்புகிறது என்று நினைத்துவிட்டார். "இருங்க மச்சான், வர்றேன்." எங்களை நோக்கியே குதித்தார். கப்பல் அவர் மேல் கவிழ்ந்தது. படகையும் அமுக்கியது.

ஒன்பது முப்பத்தைந்து. கப்பல் இல்லை. கரையேறிய மாலுமிகள் நாற்பத்தொரு பேர். ஏறாதவர்கள் எத்தனை என்று அவர்களுக்கே தெரியவில்லை. எங்கள் படகில் போனது நான்கு பேர். திரும்பியது ஸராங்கும் நானும். திரும்பாத இருவரில் ஒருவர் காசிம்.

கடைசியாக அவரிடம் என்ன சொன்னாய் என்று தங்கச்சி கடிதத்தில் கேட்டாள். "தள்ளிப் போங்க மச்சான்" என்று கத்தினேன் என எழுதினேன். பொய். அப்படிக் கத்தியிருந்தால் அவர் இருந்திருப்பார்.