மேல்துணியில மட்டும்

இல்லீங்கய்யா, அது பாவாடை இல்லீங்க. சிரிக்காதீங்க. மலைக்காரங்க தொரை பாவாடை கட்டியிருக்காருன்னு சிரிச்சாங்கன்னா அவங்களுக்குத் தெரியாது. நீங்க மேஜிஸ்ட்ரேட்டு, தீர்ப்பு எழுதப் போறவரு, நீங்களும் அப்படியே சொன்னா எப்படிங்க? அதுக்குப் பேரு கில்ட்டு. ஸ்காட்லாந்துக்காரங்க பண்டிகைன்னா கட்டறது, மூணு நாளைக்கு முந்தி அவங்க பண்டிகை. நம்மூருல விசேசத்துக்குப் பட்டு வேட்டி கட்டற மாதிரின்னு வெச்சுக்குங்க.

அஞ்சே நிமிசங்க. டோலிக்காரங்க நிக்கட்டும். மழைக்கு முந்தி மலையெறங்கோணும்னு எனக்கும் தெரியுமுங்க. ஆனா உங்க டோலிக்குப் பின்னாலயே சின்னராசுவையும் கவுறு கட்டி நடத்திக் கூட்டிட்டுப் போயிருவீங்க. கீழ போனா ஆறு மாசம். சாமை அறுப்புக்கு நிக்குது, யாரு அறுக்கறது?

எனக்கு என்ன ஒறவா? ஒறவில்லீங்க. எங்கப்பா புளியஞ்சோலையில வெவசாயம். எங்கூட்டுக்கு வருசா வருசம் மிளகு கொண்டாந்து போடறவரு சின்னராசு. நான் பட்டணத்துல பி.ஏ. படிக்கறேன். ஒறவா இருந்தாத்தான் நாயம் பேசோணுமுங்களா?

சரி, கேளுங்க. உங்க மேசை மேல கெடக்குதே அந்த ஊக்கு, அதுதான் இந்தக் கேசே. தொரையோட கேம்ப்பு கிளார்க்கு என்ன எழுதிக் குடுத்திருக்காரு? தொரையோட துணி அவுந்து விழாம புடிச்சிருந்த ஊக்கைச் சின்னராசு வேணும்னே புடுங்கி, நாலு பேரு முன்னால தொரையை அவமானப்படுத்தப் பாத்தான். அதானுங்களே? ரெண்டாவது பக்கம் பாருங்க. பொய்யிங்க. முழுப் பொய்.

எப்படிங்களா? அந்த ஊக்கு எதையுமே புடிச்சிருக்கறதில்லீங்க! கில்ட்டைப் புடிச்சிருக்கறது இடுப்புல தோல்வாரும் பக்கிளும். எட்டு கெசம் கம்பளித் துணி. பின்னால பூரா கொசுவம். முன்னால ரெண்டு பாகம், ஒண்ணு மேல ஒண்ணு தட்டையா விழும். மேல்துணியோட ஓரம் கட்டுனவரோட வலது பக்கத்துல வந்து முடியும். அந்த ஓரத்துல, அடியிலிருந்து நாலு வெரக்கடை மேல, இந்த ஊக்கு. மேல்துணியில மட்டும் குத்தோணும். அடித்துணியில படவே கூடாது. இப்படிக் குடுங்க, காட்டறேன். கான்ஸ்டபிளண்ணா, அந்தத் துண்டை... வேண்டாம், என் முந்தானையே போதும். பாருங்க, இது மேல்துணி, இது அடித்துணி. ஊக்கு இங்க போயி இங்கயே வெளிய வருது. கையை உட்டேன். என்ன ஆச்சு? தொங்குது, அவ்வளவுதான். காத்துல மேல்துணி தூக்காம இருக்கக் கொஞ்சம் கனம். மத்ததெல்லாம் அழகுக்கு. இல்லாட்டி வாளாட்டம் செஞ்சு, நடுவுல கல்லு பதிப்பாங்களா?

ரெண்டையும் சேத்துக் குத்துனா என்னவாகுமா? நல்லாக் கேட்டீங்க. நானே குத்தியிருக்கறனுங்க. எங்க காலேசுல ஒரு ஸ்காட்லாந்து மிஸ்ஸு. போன வருசம் இதே பண்டிகைக்கு அவங்களும் கட்டம் போட்ட கம்பளியைக் கட்டிட்டு, இந்த ஊக்கைக் குத்தி உடும்மான்னாங்க. ஊக்குன்னா சேக்கறதுக்குத்தானேன்னு நான் ரெண்டையும் சேத்துக் குத்திப்போட்டேன். மாடிப்படி ஏறுனாங்க பாருங்க, காலை எட்டி வெக்கத் துணி வரல, சர்ருன்னு கிழிஞ்சுது. பாடமெல்லாம் மறந்தாலும் அன்னைக்கு வாங்குன திட்டு மறக்காதுங்க.

ஆக, ஊக்கு போனா துணி அவுராது. துணி அவுராட்டி அவமானம் எங்கிருந்து வந்துச்சு? எழுதிக்குங்க. ஏன் பேனாவை மூடறீங்க?

கிழிசலா? இருக்குதுங்க. இல்லேன்னு நான் சொன்னனா? ஒரு வெரக்கடைக் கிழிசல், மேல்துணியில மட்டும். யாரோ இழுத்திருக்காங்க, ஒத்துக்கறேன். சின்னராசு இழுக்கலீங்க.

அவரே ஒத்துக்கிட்டாரு, அவரே ஒத்துக்கிட்டாரு! வந்ததுலயிருந்து இதையே சொல்றீங்க. காவலுக்கு நின்ன ரெண்டு கார்டு கழுத்தைப் புடிச்சா யாரு எதை ஒத்துக்க மாட்டாங்க?

அன்னைக்குத் தொரையோட கூடாரத்து முன்னால நடந்தது இதானுங்க. இந்த மலையில எடப்புளி நாட்டு மேச்சக்காட்டை வேலி போட்டு அடைக்கறாங்கன்னு தொரைக்கு ஒரு மனு. இங்கிலீசுல எழுதுனது நானு. இருநூத்திச் சொச்சம் கைநாட்டு, ஊடு ஊடா நடந்து வாங்குனது. தொரை வாங்குனாரு, ஒரு வரி படிக்கல, கிளார்க்கு கையில குடுத்தாரு. கிளார்க்கு அதை மேசையில விரிச்சு, அது மேல கேக்குத் துண்டுகளை அடுக்குனாருங்க! கைநாட்டு மேல! அதுக்கு ஒரு செக்சன் இல்லீங்களா உங்க பொஸ்தகத்துல? தொரை எந்திரிச்சாரு, கூடாரத்துக்குள்ள போகத் திரும்புனாரு. அப்பத்தான் துணி இழுபட்டுச்சு.

அந்நேரம் சின்னராசு நின்னது தொரைக்கு இடது பக்கம். ரெண்டு கையிலயும் தேன் பானை. தொரைக்குன்னு மலைக்காரங்க கொண்டாந்த தேன். அந்தப் பானையை அவரு கையிலிருந்து வாங்கி உள்ள வெச்சதே கார்டுதான், கேட்டுப் பாருங்க. ஊக்கு இருந்தது வலது பக்கம். பானையையும் ஏந்திக்கிட்டு, தொரையைச் சுத்தி வந்து, குனிஞ்சு இழுக்கறதுன்னா அவருக்கு மூணாவது கை ஒண்ணு வேணுமுங்க. அப்ப வேற யாரோதான். செரிதானுங்களே?

வலது பக்கம் யாரு நின்னாங்களா?

கூட்டமுங்க. நெறையப் பேரு... இல்லீங்க, கண்ணாயி இல்ல, சின்னராசு சம்சாரத்தை இதுல இழுக்காதீங்க, அவ ஊட்டுல இருந்தா. மேகம் எறங்குது பாருங்க. டோலிக்காரங்க என்னையே பாக்கறாங்க. இருங்க, எந்திரிக்காதீங்க. சொல்றேன்.

நாந்தானுங்க நின்னேன்.

நில்லுங்கன்னு இங்கிலீசுல ரெண்டு வாட்டி சொன்னேன், தொரை திரும்பல. துணியோரத்தைப் புடிச்சேன். அடித்துணி அசையவே இல்ல, மேல்துணி மட்டும் கையோட வந்துச்சு, ஊக்கு தெறிச்சுப் புல்லுல விழுந்துச்சு. கிளார்க்கு எழுதுனது பொய்யின்னு நான் இவ்வளவு அடிச்சுப் பேசறது அதனாலதான். கார்டு என் பக்கம் வாரதுக்குள்ள சின்னராசு நாந்தான்னு சொல்லிட்டாரு. கழுத்தைப் புடிச்சதெல்லாம் அதுக்கப்புறந்தானுங்க. அதுவும் நான் மாத்திச் சொன்னதுதான். பரிச்சை எழுதோணும் கண்ணு, நீ பேசாம இருன்னு சொன்னாரு. நானும் இருந்துட்டேன். கேசுன்னா காலேசுல பேரை எடுத்துருவாங்கன்னு மூணு நாளா இருந்துட்டேன். இன்னைக்கும் பேசியே அவரை வெளிய கொண்டாந்துரலாம்னுதான் வந்தேன்.

எழுதிக்குங்க. அம்சவேணி, செங்கோட்டையன் மக. ஆனா அவமானப்படுத்தறதுக்குன்னு மட்டும் எழுதாதீங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். மனுவை நின்னு படிக்க வெக்கறதுக்குன்னு எழுதுங்க. அதுக்கும் முந்தி அவரு கைக்கவுத்தை அவுக்கச் சொல்லுங்க. நாந்தான் இங்க இருக்கறனுங்களே.